ஆன்லைன் எம்.பி.ஏ.: சேருவதற்கு முன் ஒரு பாடம்

 

“இருக்கும் வேலையை விடாமல் ஆன்லைனில் எம்.பி.ஏ. படித்தால் வேறு வேலைக்கு மாறலாமா?” பதினைந்து வருடம் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊரோடு தங்க நினைக்கும் சபுராளி இதைக் கேட்கிறார். பி.எஸ்ஸி. முடித்த கையோடு நிக்காஹ் ஆகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வேலை தேடும் சகோதரியும் கேட்கிறார். மாறலாம். ஆனால் பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. கையில் ஏற்கெனவே உள்ள அனுபவத்தோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு.

அந்த ஸ்டோர் கீப்பரையே எடுத்துக்கொள்வோம். சரக்கு இருப்பு, இன்வாய்ஸ், கஸ்டம்ஸ் காகிதங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சப்ளை செயின் அல்லது ஆபரேஷன்ஸ் பிரிவை எடுத்துப் படித்தால், ஆம்பூர் தோல் கம்பெனியிலோ திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்திலோ கிடங்கு மேலாளர் வேலைக்குத் தைரியமாக விண்ணப்பிக்கலாம். அவரே, ஏஜெண்ட் சொன்னார் என்று எச்.ஆர். பிரிவை எடுத்தால், 22 வயதுப் பிள்ளைகளோடு புதியவராக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பதினைந்து வருட அனுபவம் அங்கே கணக்கில் வராது.

ஆகவே முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு படிப்பை. விரும்பும் பதவிக்கு வந்த ஐந்தாறு வேலை விளம்பரங்களை எடுத்து, என்ன கேட்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். சில நேரம் டேலி, ஜி.எஸ்.டி., எக்செல் இவற்றைத்தான் கேட்டிருப்பார்கள். அப்படியானால் சில மாதப் பயிற்சியே போதும். இரண்டு வருடமும் பெரும் பணமும் மிச்சம்.

அடுத்தது அங்கீகாரம். யுஜிசியின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டம் நேரில் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். இதை 2022 செப்டம்பரில் யுஜிசி மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆனால் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 2024 முதல் இந்தியாவில் சேருகிற மாணவர் ‘டெப் ஐடி’ எடுக்க வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ‘பத்து நாளில் எம்.பி.ஏ.’ என்று விளம்பரம் செய்தவர்களைப் பற்றி யுஜிசியே எச்சரிக்க வேண்டி வந்தது. அரசு வேலையை எண்ணிப் படிப்பவர்கள், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளங்கலை என்ற வரிசையில் தங்கள் படிப்பு அமைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பண விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சிக்குகின்றன. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்பதைப் பலர் பல்கலைக்கழகமே தரும் தவணை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். போனில் வரும் ஓடிபி-யைச் சொன்னதுமே கடன் ஒப்பந்தம் முடிந்துவிடலாம். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். கல்விச் செயலி நிறுவனங்களின் இத்தகைய கடன்களையும் தானியங்கிப் பிடித்தத்தையும் பற்றி மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்தது. வட்டி என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பருவத்துக்குப் பருவம் நேரடியாகப் பல்கலைக்கழகக் கணக்கில் கட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் குறைகிறது என்றால், பைத்துல்மாலில் அழகிய கடன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது விதி. 20 கிரெடிட் உள்ள ஒரு பருவத்துக்கு 600 மணி நேரம். ஆறு மாதத்தில் வாரத்துக்குச் சுமார் 23 மணி. ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம், இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். சகோதரி படிக்கிறார் என்றால், அந்த நேரத்துக்குச் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில் படிப்பு முதல் பருவத்தோடு நின்றுபோகிறது.

இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று தெரிய ஒரு சிக்கனமான வழி உண்டு. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் கணக்கியல், மேலாண்மைப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் தனிக் கட்டணம். ஒரு பாடத்தை முழுதாக முடித்துப் பாருங்கள். மூன்றாவது வாரத்திலேயே சலித்துவிட்டால், பணம் கட்டும் முன் தெரிந்தது நல்லது.

மீண்டும் வளைகுடாவுக்கே போகும் எண்ணத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்தியாவில் சமம் என்பதால் அங்கும் சமம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி உண்டு. சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்குப் போகும்போது ஆன்லைன் படிப்பு என்று தெரிந்து விசா மாற்றம் தடைபடலாம். எந்த நாடு, எந்தப் பதவி என்று முடிவு செய்து, சேருவதற்கு முன்பே அங்குள்ள முதலாளியிடமோ எச்.ஆர். அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.