பேய்க்கதை எழுதவரும் என் தங்கை மகளுக்கு

கண்ணு, பேச்சற்றுப் பிரிந்துபோன அக்கா தங்கையையும் ஒரு பேய்வீட்டையும் வைத்து நாவல் எழுதப்போவதாகச் சொன்னாய். நான் எழுதிக் கிழித்தவை நான்கு, அச்சேறியது ஒன்று. கிழித்ததில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

1. பேயை அப்புறம் தேடலாம். முதலில் சண்டை எந்தச் சாமானால் வந்தது என்று பார். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ படித்திருக்கிறாயா? அந்த வீட்டைக் கட்டிய ஹியூ கிரெய்னுக்கு இரண்டு பெண்கள். வீடு அக்காவுக்கு. விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக நகை, பழங்கால மரச்சாமான்கள், தங்க விளிம்பு போட்ட தட்டுகள் தனக்கு வரவேண்டும் என்கிறாள் தங்கை. அக்கா தரவில்லை. நகையைவிட அந்தத் தட்டுகள்தான் தங்கைக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பெரிய வீட்டை விட்டுக்கொடுத்தவளுக்குத் தட்டு தொண்டையில் சிக்குகிறது, பார்! என் முதல் நாவலில் மாடிப்படி முழுக்க ரத்தம் ஊற்றினேன்; படித்த ஒருவரும் பயப்படவில்லை. பாட்டியின் பித்தளை முறுக்கு நாழிக்காக நம் வீட்டில் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அதை எழுதத் தோன்றவில்லை எனக்கு.

2. ஒருத்தி பக்கம் மட்டும் நின்று எழுதாதே. என் இரண்டாவது நாவல் முழுக்க உன் அம்மாமேல் இருந்த கோபம். கையெழுத்துப் பிரதியைப் படித்த என் மாமியார், “அந்தத் தங்கச்சிக்காரி ஒரு ராத்திரிகூடவா தூங்காம அழுதிருக்க மாட்டா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஜாக்சனுமே இதில் கொஞ்சம் கஞ்சம்தான். அதே நாவலின் நாயகி எலினாருக்குப் பாதி சொந்தமான காரைத் தர மறுக்கும் அக்காவைச் சிடுமூஞ்சியாகவே விட்டுவிட்டார். அவர் கைப்பக்குவத்துக்கு அது செல்லும். உனக்கும் எனக்கும் செல்லாது.

3. ரகசியத்தை அவிழ்க்க அவசரப்படாதே. எலினாரின் சிறுவயதில் நடந்ததைப் பார். அவளுக்கு 12 வயது, அக்காவுக்கு 18. அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டின்மேல் மூன்று நாள் கல்மாரி. நம் ஊரென்றால் குட்டிச்சாத்தான் வேலை என்பார்கள். அம்மாவுக்கு அக்கம்பக்கத்தார்மேல் சந்தேகம். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு. யார் வேலை என்று ஜாக்சன் அடித்துச் சொல்வதே இல்லை. நானாக இருந்தால் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து விளக்கியிருப்பேன். விளக்கியும் இருக்கிறேன்.

4. உறுத்துவதை எழுது, கூச்சமாகத்தான் இருக்கும். நோயாளித் தாயை 11 வருஷம் பார்த்துக்கொண்டவள் எலினார். ஒரு ராத்திரி அம்மா சுவரைத் தட்டிக் கூப்பிட்டும் இவள் எழவில்லை. விழித்தும் திரும்பப் படுத்துவிட்டோமோ என்ற எண்ணம் இவளை விடுவதாயில்லை. அந்தப் பேய்வீட்டில் நள்ளிரவு தட்டும் சத்தம் கேட்டதும், தூக்கக் கலக்கத்தில் அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று எழுந்துகொள்கிறாள். எனக்கு அந்த இடத்தில் மட்டும் இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

5. பகலில் எழுது. ராத்திரியில் எழுதினால் எல்லாமே பயமாகத்தான் தெரியும். காலையில் படித்தால் சிரிப்பு வரும்.

6. எழுதியதை முதலில் உன் அம்மாவிடம் காட்டு. முறுக்கு நாழி வரும் இடத்தைக் கொஞ்சம் மழுப்பிவிடு. அது இன்னும் என் பரணில்தான், பழைய புடவை சுற்றிக் கிடக்கிறது. தொலைந்துபோனது என்று அன்றைக்குச் சொன்னது நான்தான்.