பாடம் 7: வீட்டிலிருந்தே வேலை – இணையவழிப் பரீட்சையும் நேர்முகமும்

மீளக்குடியேறிய ஊரில் வீடு கட்டி முடிந்தாலும், படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை பக்கத்தில் கிடைப்பது கடினம். அதனால் கணினி பழகிய இளைஞர் யுவதிகள், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய விண்ணப்பிக்கிறார்கள். தரவு பதிதல், கணக்கு எழுதுதல், மொழிபெயர்த்தல், வாடிக்கையாளருக்குப் பதிலளித்தல் போன்றவை இவ்வாறான வேலைகள்.

இங்கே நிறுவனம் உங்களை நேரில் காண்பதில்லை. நீங்களும் நிறுவனத்தை நேரில் காண்பதில்லை. ஆகவே அவர்கள் உங்களைச் சோதிப்பது போலவே நீங்களும் அவர்களைச் சோதிக்க வேண்டும்.

1. விண்ணப்பம்

சுயவிபரக்கோவை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல் இருக்கட்டும். இடப்பெயர்வால் படிப்போ வேலையோ தடைப்பட்ட ஆண்டுகளைப் பொய்யான வேலை ஒன்றால் நிரப்ப வேண்டாம். "இடப்பெயர்வால் தடைப்பட்டது, பின்னர் தொடர்ந்தேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும், மாதர் சங்கத்தின் கணக்கை எழுதியதும் அனுபவமே. அவற்றையும் எழுதுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெறலாம்.

2. பரீட்சை

தட்டச்சு வேகம், ஆங்கில வாசிப்பு, எக்செல், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுதல் ஆகியவை வழமையாக வருபவை. பெரும்பாலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. சில பரீட்சைகளில் கமரா இயங்கிக்கொண்டே இருக்கும். வேறு பக்கத்தைத் திறந்தால் அதுவும் பதிவாகும். எனவே:

• தொடங்குமுன் அறிவுறுத்தல்களை இரு தடவை வாசியுங்கள். இடையில் நிறுத்தித் தொடர முடியுமா என்று பாருங்கள்.
• மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நிற்கும். கைத்தொலைபேசியில் டேட்டா போட்டு வைத்திருங்கள்.
• இணைப்பு அறுந்தால் திரையைப் படமெடுத்து, உடனே மின்னஞ்சலில் அறிவித்து மறுவாய்ப்புக் கேளுங்கள்.
• அண்ணாவையோ நண்பரையோ உங்களுக்காகப் பரீட்சை எழுத வைக்க வேண்டாம். வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே அது வெளிப்பட்டுவிடும்.

3. நேர்முகம்

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். லண்டனில் காலை 10 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 3.30, கோடைகாலத்தில் பிற்பகல் 2.30. அங்கே மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள். "இலங்கை நேரம் எத்தனை மணி?" என்று எழுதிக் கேட்பதில் தவறில்லை.

வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, சுவருக்கு முதுகு காட்டி அமருங்கள். கோயில் திருவிழாக் காலமென்றால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்காத உறவினர் வீட்டையோ நூலகத்தையோ முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். சில நிறுவனங்களில் ஆள் இருக்கமாட்டார். கேள்வி திரையில் தோன்றும், உங்கள் பதில் பதிவாகும். கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பார்த்துப் பழகினால் பதற்றம் குறையும். கேள்வி விளங்காவிட்டால், திரும்பக் கேட்குமாறு மரியாதையாகச் சொல்லுங்கள்.

4. நீங்கள் நிறுவனத்தைச் சோதித்தல்

சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், எந்தத் திகதியில் கிடைக்கும் என்று கேளுங்கள். ஊழியராகச் சேர்க்கிறார்களா, ஒப்பந்தக்காரராகவா என்றும் கேளுங்கள். இலங்கை நிறுவனம் ஊழியராகச் சேர்த்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதமும் நிறுவனத்திடம் 12 வீதமும் சேரும். ஒப்பந்தக்காரருக்கு அது இல்லை.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்துங்கள்:

• பயிற்சி, பதிவு, மடிக்கணினி என்று முற்பணம் கேட்பது.
• வட்ஸ்அப் செய்தியிலேயே நேர்முகத்தை முடித்து, அன்றே வேலை தருவது.
• தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பது.
• உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் பிறரின் பணத்தை வேறிடத்துக்கு அனுப்பச் சொல்வது. இது உங்களையே பொலிஸ் விசாரணைக்குள் இழுத்துவிடும்.
• வீட்டிலிருந்து செய்யும் வேலை என்று சொல்லிவிட்டு, சுற்றுலா விசாவில் வெளிநாடு வரச் சொல்வது.

கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கையர்கள், மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சு வந்தால், கடவுச்சீட்டைக் கொடுக்குமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள்.

பயிற்சி

வீட்டிலுள்ள ஒருவரை நேர்முகம் நடத்துபவராக அமர்த்துங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு ஒன்றரை நிமிடத்தில் பதிலளியுங்கள். பின்னர் நீங்கள் நிறுவனத்திடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

முதல் தடவை தெரிவாகாவிட்டால் மனம் தளர வேண்டாம். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்று அன்றே கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த நேர்முகத்துக்கு அங்கிருந்தே ஆயத்தமாகுங்கள்.