எட்டாம் கொடைக்குள் ஆறு மணி நேர வீடியோ

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கம் கொடை எனும் கோவில் திருவிழா சீசன். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று ஒரு சுடலைமாடன் கோவில் கொடையைத் தொகுத்து முடித்தாலும் ஆறு மணி நேரம் நிற்கும். கல்யாண வீட்டார் ஹைலைட்ஸ் போதும் என்பார்கள். கொடைக்காரர்கள் ஒரு பாட்டை வெட்டினாலும் விடமாட்டார்கள். "தம்பி, எட்டாங்கொடைக்குள்ள பென்டிரைவ் கைக்கு வந்துரணும்" என்று சொல்லித்தான் முன்பணமே தருவார்கள். எட்டாங்கொடை என்பது கொடை முடிந்த எட்டாம் நாள் பூஜை.

நான் தொகுப்பது கேடென்லைவில். 2002-இல் ஜேசன் வுட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. பிளெண்டரையும் முயன்றேன், நான் பார்த்த பதிப்பில் தமிழ் டைட்டிலின் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. திரும்பிவிட்டேன். பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் ஒரே கணினியில் ரெண்டர் போட்டால் பதினான்கு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

அதனால் பழைய அலுவலகக் கணினிகள் நான்கு வாங்கி, தாமிரபரணி ஆற்றின் அணைக்கட்டுப் பெயர்களை வைத்தேன்: கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். வேலையைப் பங்குபோட முதலில் யோசித்தது பிளெண்டர்காரர்களின் ஃபிளமெங்கோ. ஒவ்வொரு ஃபிரேமையும் படமாக எழுதவைக்கும் முறைக்கு அது நல்ல கருவி. முப்பரிமாண அனிமேஷனில் ஒரு ஃபிரேமுக்கே பல நிமிடம் ஆகலாம் என்பதால் அங்கே அது சரி. எனக்கோ நொடிக்கு 25 வீதம் 5,40,000 ஃபிரேம். படம் ஒன்றுக்கு 2 எம்பி என்றாலும் ஒரு டெராபைட்டைத் தாண்டும்.

எனவே துண்டுகளாகப் பிரித்தேன். கேடென்லைவுக்குள் ஓடும் எஞ்சின் எம்எல்டி. அதன் 'மெல்ட்' கட்டளைக்கு ப்ராஜெக்ட் கோப்பையும், தொடக்க, முடிவு ஃபிரேம் எண்களையும் கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் செய்து தரும். துண்டுக்கு 4,500 ஃபிரேம், அதாவது மூன்று நிமிடம். மொத்தம் 120 துண்டு. ஆளுக்கு முப்பது என்று பங்கு வைக்காதீர்கள். ஸ்ரீவைகுண்டம் கிழடு, மற்றவை முடித்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தன. இப்போது 120 சிறு வேலைக் கோப்புகளும் பொது ஃபோல்டரில் கிடக்கும். கை ஒழிந்த கணினி ஒன்றை எடுத்துத் தன் ஃபோல்டருக்கு நகர்த்திக்கொள்ளும். ரெண்டர் ஆகும் துண்டுக்குத் தற்காலிகப் பெயர், முடிந்த பிறகே சரியான பெயர். கரண்ட் போனாலும் எது பாதியில் நின்றது என்று தெரிந்துவிடும்.

நான் பட்ட பெரிய அவமானம் எண்ணில்தான். மெல்ட்டுக்கு முடிவு ஃபிரேமும் கணக்கில் சேரும். 0 முதல் 4,499 என்று கொடுக்க வேண்டியதை 4,500 என்று கொடுத்து, அடுத்த துண்டையும் 4,500-இல் தொடங்கினேன். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு ஃபிரேம் கூடுதல். 119 ஒட்டுக்கு ஏறக்குறைய ஐந்து வினாடி. மகுடப் பறை அடித்து ஓய்ந்த பிறகும் திரையில் சாமியாடி ஆடிக்கொண்டிருந்தார். "ஏண்ணே, சாமிக்கு இன்னும் இறங்கலையோ?" என்றான் என் உதவியாளன்.

ஒலியைத் துண்டு போடவே கூடாது. ஏஏசி என்ற ஒலி வடிவம் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சொட்டு மௌனத்தைச் சேர்ப்பதால் ஒட்டு வரும் இடத்திலெல்லாம் 'டிக்' என்று கேட்கும். ஒலி முழுவதையும் ஒரே கணினியில் எடுத்து, ஒட்டிய படத்தோடு எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் சேர்த்துவிடுங்கள்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பாமினியில் அடித்த சாமி பெயர், அந்த எழுத்துரு இல்லாத மருதூரில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. மானிட்டர் இல்லாத கணினியில் டைட்டிலே வராமலும் போகும். டைட்டில்களைப் படமாக மாற்றி டைம்லைனில் வைத்த பிறகுதான் நிம்மதி. எம்எல்டி பதிப்பும் ஃபோல்டர் முகவரியும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் சுத்தமல்லி மட்டும் நகரவில்லை. ப்ராசசரைச் சந்தேகித்து அரைநாள் போயிற்று. கடைசியில் எலி கடித்த கேபிள்! நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்ததால் ஜிகாபிட் வேகம் நூறு மெகாபிட்டாக இறங்கியிருந்தது. வினாடிக்குப் பன்னிரண்டு எம்பிகூடத் தேறவில்லை. எடிட்டிங் ரெண்டரில் ப்ராசசரைவிட, காட்சிக் கோப்புகள் வந்து சேரும் வழிதான் முதலில் அடைபடுகிறது. அதனால் டைட்டில் வேலை நடக்கும்போதே மூலக் காட்சிகளை நான்கு கணினியின் சொந்த டிஸ்க்கிலும் நகலெடுத்து வைத்துவிடுகிறேன். இப்போது நான்கு மணி நேரத்தில் முடிகிறது.

அரை மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரே கணினியில் ஓடவிட்டு ஜங்ஷன் வரை போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும்.