ஸ்லோவாக்கா, நார்வேஜியனா: தமிழ் படித்த பிள்ளைக்கு எது எளிது?

வெளிநாட்டு வேலைக்கு முயலும் என் முன்னாள் மாணவர்கள் சிலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஒருவருக்கு நார்வேயில் செவிலியர் ஆக ஆசை. இன்னொருவர் ஸ்லோவாக்கியாவின் கார் ஆலைகளில் கண் வைத்திருக்கிறார். பிராட்டிஸ்லாவா, ஜிலினா, நித்ரா, திர்னாவா ஆகிய நகரங்களில் அந்த ஆலைகள் உள்ளன. இரண்டு நாடுகளிலும் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம்தான். சில ஆண்டுகளாக மாலை நேரங்களில் இவ்விரு மொழிகளையும் நான் படித்து வருவதால், என்னிடம் கேட்கிறார்கள்.

வரும்போதே ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்களுக்காகப் போட்ட கணக்கு அது. நார்வேஜியன் கற்க 24 வாரம், ஸ்லோவாக் கற்க 44 வாரம். "அப்போ ஸ்லோவாக் வேண்டாம் ஐயா" என்று அவர்களே முடிவும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கான கணக்கு. வேற்றுமை உருபுகளை வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதிய பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது என்பது என் கருத்து.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். கை, கையை, கையில், கையால் என்கிறோம். ஸ்லோவாக்கில் 'ருக்க' என்றால் கை. கையை என்பதற்கு 'ருக்கு', கையில் என்பதற்கு 'வ் ருக்கெ', கையால் என்பதற்கு 'ருக்கொவ்'. சொல்லின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பது ஆங்கிலேயருக்குப் புதுச் செய்தி. நமக்குப் பழகிய செய்தி. நார்வேஜியனில் 'ஹொன்ன' என்றால் அந்தக் கை. கையில் என்பதற்கு 'இ ஹொன்ன', கையால் என்பதற்கு 'மே ஹொன்ன'. முன்னே ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போதும், பெயர்ச்சொல் அசையாது.

ஸ்லோவாக்கில் வேற்றுமை ஆறு. நம் எட்டைவிடக் குறைவுதானே என்று மகிழ்ந்துவிட முடியாது. தமிழில் 'ஐ' என்றால் கைக்கும் மரத்துக்கும் அதே 'ஐ'. அங்கே ஆண்பால், பெண்பால், அலிப்பால் எனச் சொற்கள் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நான்கு வாய்பாடுகளாக விரியும். ஆக 12 மாதிரிச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்று பள்ளியில் தரும் மதிப்பெண் சான்றிதழைக் குறிக்கும் சொல்! அந்நாட்டு இலக்கண ஆசிரியர் நம்மைப் போன்றவர்தான். வேற்றுமை என்ற கருத்து நம் பிள்ளைக்குக் கைவந்தது. உருபுப் பட்டியலை உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

வினைச்சொல்லும் நமக்கு உறவாகவே இருக்கிறது. 'சீத்தம்' என்றால் படிக்கிறேன், 'சீத்தஷ்' என்றால் படிக்கிறாய். நான், நீ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நார்வேஜியனில் யார் படித்தாலும் 'லேசர்'தான். நான், நீ, நாங்கள் எதுவானாலும் வினை மாறாது. எழுவாயை விடாமல் சொல்ல வேண்டும். வினை வாக்கியத்தில் இரண்டாம் இடத்திலேயே நிற்கும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து 'படிக்கிறேன்', அதன் பிறகே 'நான்'. வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு இது சில வாரம் இடறும்.

எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதி முடித்தேன் என்பதையும் ஸ்லோவாக் வெவ்வேறு வினையாலேயே காட்டும்: 'பீசல் சொம்', 'நபீசல் சொம்'. ஐரோப்பிய மொழி கற்போர் பலர் திணறும் இடம் இது. 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தவருக்கு வழி பாதி திறந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணுப்பெயர். மூன்று மரங்கள் என்பதற்கு 'த்ரி', மூன்று சிறுவர்கள் என்பதற்கு 'த்ரய'. நாம் மரத்துக்கு மூன்றும் மக்களுக்கு மூவரும் சொல்வதுபோலத்தான். ஆனால் ஆண்களுக்கு மட்டுமே அந்தத் தனி வடிவம். பெண்கள் மரங்களோடு சேர்ந்து 'த்ரி' ஆகிவிடுகிறார்கள். நம் மாணவிகள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

ஒலியில் குறில் நெடில் தெரிந்தவருக்கு ஸ்லோவாக் இனிக்கும். 'லத்க' என்றால் மரச்சட்டம், 'லாத்க' என்றால் துணி. அழகிய என்ற பொருளில் 'பெக்னீ' என ஒரு சொல் உண்டு, ஈறு நெடில். அதே பொருள் தரும் 'க்ராஸ்னி'யில் ஈறு குறுகிவிடும். முதல் அசை நெடிலாக இருப்பதால், அடுத்து இன்னொரு நெடில் வரக் கூடாது என்பது விதி. எழுதியபடி படிக்கலாம், அழுத்தம் எப்போதும் முதல் அசையில். இடறுவது மெய்ம்மயக்கம். ஓநாய்க்கு 'வ்ல்க்', விரலுக்கு 'ப்ர்ஸ்த்', உயிரே இல்லை! தூணைக் குறிக்கும் 'ஸ்த்ல்ல்ப்' என்பதில் லகர மெய்யே நீண்டு ஒலிக்கும். நம் ஒற்றளபெடை நினைவுக்கு வரும்.

நார்வேஜியனில் விரலுக்கு 'ஃபிங்ஙர்', வீட்டுக்கு 'ஹூஸ்', பாலுக்கு 'மெல்க்'. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலே பாதிச் சொல் தெரிந்ததுபோல் இருக்கும். வேகமாகப் பாடநூலை முடிக்க வேண்டுமென்றால் சந்தேகமில்லாமல் நார்வேஜியன்தான். சிக்கல் காதில் தொடங்குகிறது. உழவர்கள், அவரைகள் ஆகிய இரு சொற்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே பிரித்தறிய வேண்டும். அதைவிடப் பெரியது வட்டார வழக்கு. 'நான்' என்பதைப் பாடநூல் 'யை' என்று கற்றுத்தரும். பெர்கன் நகரத்தில் 'எக்' என்பார்கள், டிரான்ட்ஹெய்மில் 'ஏ' என்பார்கள். நாடாளுமன்றத்திலும் அவரவர் ஊர்ப்பேச்சிலேயே பேசுவார்கள், யாரும் குறைவாக நினைப்பதில்லை.

இதற்கு வரலாறு உண்டு. 1814 வரை நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தது. எழுத்து மொழி டேனிஷ். ஈவர் ஓசென் ஊர் ஊராகச் சென்று பேச்சு வழக்குகளைத் திரட்டி 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்தது இன்றைய நீநோர்ஸ்க். டேனிஷ் வழியில் வந்தது பூக்மோல். 1885 முதல் இரண்டு எழுத்து வழக்குகளும் சம உரிமை உடையவை. ஸ்லோவாக்கியாவிலும் அதே காலத்தில், 1843இல், லியுதொவித் ஷ்தூரும் நண்பர்களும் நடு ஸ்லோவாக்கிய வழக்கை எழுத்து மொழியாக்க முடிவு செய்தனர். 1846இல் ஷ்தூரின் இலக்கணம் வந்தது. பின்னர் அது திருத்தப்பட்டாலும் அங்கே பொது வழக்கு ஒன்றுதான். பாடநூலில் படித்ததையே வானொலியிலும் கேட்கலாம்.

மரியாதைக்கு வருவோம். ஸ்லோவாக்கில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். மாணவர் ஆசிரியரை 'வி' என்றே அழைப்பர். நார்வேயில் எல்லோருக்கும் 'டூ' ஒன்றுதான். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் இயல்பு. அங்கே செல்லும் நம் பிள்ளை மருத்துவமனைத் தலைவரை 'டூ' என்று சொல்லக் கூசும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

ஓராண்டுக்குள் கிளம்ப வேண்டியவருக்கும் ஆங்கிலம் நன்கு வருபவருக்கும் நான் நார்வேஜியனையே சொல்கிறேன். ஆனால் முதல் மாதத்திலிருந்தே பல ஊர்ப் பேச்சுகளைக் கேட்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் தமிழ் இலக்கணத்தில் தேறியவர் ஸ்லோவாக்கைப் பட்டியலுக்குப் பயந்து விட வேண்டாம். டிரான்ட்ஹெய்ம் பல்கலைக்கழகம் நார்வேஜியன் தொடக்கப் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஸ்லோவாக்குக்கும் 'ஸ்லோவாகே' என்ற இலவசத் தளம் உண்டு. பிராட்டிஸ்லாவாவின் கோமேனியஸ் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்காக 1965 முதல் கோடைக்காலப் பள்ளி நடத்திவருகிறது. தளத்தில் முதல் வேற்றுமை அட்டவணை வந்ததும், பக்கத்திலேயே தமிழ் உருபுகளை எழுதிவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.