சைரன் போட்டால் சிக்னலைத் தாண்டலாமா?

கேள்வி: என் தம்பி தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். நெஞ்சுவலி வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோது சிவப்பு சிக்னலைத் தாண்டியிருக்கிறான். குறுக்கே வந்த பைக்கில் மோதி, அதை ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. சைரன் போட்டுத்தான் போனான். ஆனாலும் அவன்மீதே வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்குச் சிக்னல் கிடையாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: எல்லோரும் சொல்வதில் பாதிதான் சட்டத்தில் இருக்கிறது, சகோதரி. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி ஆகியவற்றுக்குச் சாலையில் முன்னுரிமை தருகின்றன. உயிர் காக்கும் அவசரத்தில் இவை சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். ஆனால் சைரனும் மின்னும் விளக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டிரைவர் உரிய கவனத்தோடு ஓட்ட வேண்டும். நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

உங்கள் தம்பி வழக்கே அந்தக் 'கவனம்' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. சிக்னலில் ஒதுங்கி நிற்கும் டவுன் பஸ் ஆம்புலன்ஸை மறைத்துவிடும். குறுக்குச் சாலையில் பச்சை விழுந்து வருகிறவருக்கு, ஹெல்மெட்டுக்குள் சைரன் கேட்டாலும் அது எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பிடிபடாது. அதனால் கோட்டருகே வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, மற்றவர்கள் நின்ற பிறகு கடந்தானா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். சைரன் வழி கேட்கும் குரல், அவ்வளவுதான். வழி கிடைத்துவிட்டது என்பதற்கு அது சாட்சியாகாது. உள்ளே கிடக்கும் உயிருக்காக ஓடுகிற பிள்ளைமீது வழக்கு வருவது எனக்கும் வேதனைதான். ஆனாலும் பச்சை விளக்கை நம்பி வந்தவரின் காலும் சட்டத்துக்கு முக்கியம்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு 281, 125(பி) பிரிவுகள் வரும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125(பி)-யில் மூன்று ஆண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒப்புதல் நாளை இழப்பீட்டு வழக்கில் அவனுக்கு எதிராகவே வந்து நிற்கும். இழப்பீடு தனி வழக்கு, தீர்ப்பாயத்தில் நடக்கும். லைசென்ஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் நடப்பில் இருந்தால் பொதுவாக இன்சூரன்ஸ் கம்பெனிதான் பணம் கட்டும்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆம்புலன்ஸ் வருவதே தெரியாமல் பச்சையில் வந்தவர்மீது அதை நிறுத்துவது கடினம். தெரிந்தும் முந்தப் பார்த்தார் என்று காட்ட முடிந்தால், அவர் பங்குக் கவனக்குறைவுக்கேற்ப இழப்பீடு குறையும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: நோயாளியை அனுப்பிய ரெஃபரல் கடிதம், டிரிப் ஷீட், அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த நேரம் எழுதிய பதிவு, மூன்றுக்கும் நகல் வாங்குங்கள். அந்தச் சந்திப்பில் போலீஸ் கேமராவோ கடைக் கேமராவோ இருக்கும். பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி நாளைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.