பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா?

எமது தோட்டத்துக் கீழ் லயத்தில் ஒரு பிள்ளை. முள்ளந்தண்டு சரியாக மூடாமல், முதுகில் கட்டியோடு பிறந்தது. ஏழு வயதுக்குள் ஐந்து தடவை சத்திரசிகிச்சை நடந்துவிட்டது. சிறுநீர் தானாக இறங்காதபடியால் தாய்தான் தினமும் இறப்பர் குழாய் போட்டு எடுக்கிறார்.

திருவிழாவில் வாங்கிய பலூனை ஊதியதும் பிள்ளையின் உதடு வீங்கி, முகமெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. "கடைக்காரன் ஊத்தக் கையால தொட்டிருப்பான் ஐயா. மஞ்சப் பூசினேன், வத்திருச்சி" என்றார் தாய். ஆறாவது ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்திருந்த நேரம் அது. பலூன் கதையை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எமக்கும் தோன்றவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான், "இதை உடனே டொக்டருக்குத் தெரியப்படுத்துங்க" என்றார்கள்.

விஷயம் இதுதான். பலூன், டொக்டர்மார் போடும் கையுறை, சிறுநீர்க் குழாய் எல்லாம் இறப்பர் பாலில் செய்தவை. கீழ்நாட்டுத் தோட்டங்களில் நம்மவர்கள் வெட்டும் அதே பால். அந்தப் பாலில் சில புரதங்கள் உண்டு. திரும்பத் திரும்ப வயிற்றைத் திறந்து, முதுகைத் திறந்து வைத்தியம் செய்யும்போது, கையுறையிலுள்ள புரதம் நேரே உடம்புக்குள் போகிறது. முதல் தடவை ஒன்றும் தெரியாது. உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் சண்டைக்கு எழும்பும். தோல் தடிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அதனால்தான் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்.

மயக்க மருந்து கொடுத்த ஆள் "அரிக்குது, மூச்சு முட்டுது" என்று சொல்ல மாட்டார். உடம்பைத் துணியால் மூடியிருப்பதால் தடிப்பும் கண்ணில் படாது. அழுத்தம் விழுந்த பிறகுதான் தெரியவரும். அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். ஆகவே முன்கூட்டியே சொல்வதுதான் பெரிய மருந்து.

1980களில் எயிட்ஸ் நோய்ப் பயத்தால் உலகமெங்கும் கையுறைப் பாவனை பெருகியது. அதோடு இந்த ஒவ்வாமையும் கூடியது. 1991ல் அமெரிக்க அரசு வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. கையுறைக்குள் போடும் பவுடரில் புரதம் ஒட்டிக் காற்றிலும் பறக்கும். அங்கே 2017 ஜனவரி முதல் பவுடர் கையுறைக்கே தடை.

இதற்காக இறப்பர் என்றாலே ஓட வேண்டியதில்லை. டயர், மழைக்காலச் சப்பாத்து போன்ற கெட்டி இறப்பரில் இந்தப் புரதம் குறைவு. மெல்லிய பலூனும் கையுறையும் குழாயும்தான் கவனிக்க வேண்டியவை. இன்னொன்று, இந்த ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். பிள்ளை பழம் வேண்டாம் என்று அடம்பிடித்தால் அடிக்கமுன் ஏன் என்று கேளுங்கள்.

கீழ் லயத்துத் தாய் போய்ச் சொன்னார். மிஸ்ஸி கொப்பியில் எழுதிக்கொண்டார். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இறப்பர் பால் சேராத கையுறையும் சிலிக்கன் குழாயும் எடுத்து வைத்து, காற்றில் பவுடர் பறக்கமுன் அந்த நாளின் முதல் ஆளாகப் பிள்ளையைத் தியேட்டருக்கு எடுத்தார்கள். ஒரு தடிப்பும் வரவில்லை. வீட்டில் போடும் குழாயும் இப்போது சிலிக்கன்தான்.

பல தடவை ஒப்பரேசன் செய்தவர் உங்கள் வீட்டில் இருந்து, பலூனோ கையுறையோ பட்டு அரிப்பு, வீக்கம், மூச்சிழுப்பு வந்திருந்தால், கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் "இறப்பர் பால் ஒவ்வாமை இருக்கலாம்" என்று சிவப்பு மையால் எழுதுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கொழுந்து நிறுத்த பிறகு எமது காரியாலயத்துக்குக் கொப்பியைக் கொண்டு வந்தால் நாமே எழுதித் தருவோம்.