இணையப் பாடங்களைச் சோதிக்கும் முறை

இக்காலத்துக் கலாசாலைகளிற் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் இணையத்தின் வழியே மாணாக்கர் கைக்கு வருகின்றன. அவை கண்ணில்லாதார்க்கும், செவிப்புலனற்றார்க்கும், கையசைவு குன்றியார்க்கும் பயன்படுமோவென ஆராய்வது எங்ஙனம் என்பதனை ஈண்டுச் சிறிது கூறுவாம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிக்கின்றது. ஆதலின் இஃது இரக்கத்தின்பாற் பட்டதன்று, உரிமையின்பாற் பட்டது.

கண்ணில்லாத மாணாக்கர், எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பான் என்னும் கருவியின் துணையாற் கேட்டே படிப்பர். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைக்கும். அதனை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, நாம் எழுதிய குறிப்பொன்றை நாமே கேட்டுப் பார்த்தல் முதற் சோதனையாம். கண்ணாற் பார்த்து நன்றென்று கூறுதல் சோதனை ஆகாது.

தமிழ்ப் பாடங்களுக்குப் பெருந்தடை எழுத்துருவால் வருகின்றது. யூனிகோடு முறையிலே தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றதெனினும், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அமைந்த குறிப்புகள் இன்னும் வழங்குகின்றன. அவற்றின் உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்தே. மேலே போர்த்த வடிவம் மட்டுமே தமிழ். நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தோன்றுவது, கருவிக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து குறிகளேயாம். பரீட்சைக்கு முந்திய இரவில் இதனைக் கேட்கும் மாணாக்கர் யாது செய்வார்? ஒரு வரியைப் படியெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பார்த்தால் இக்குறை நொடியில் வெளிப்படும். பக்கங்களைப் படமாகவே எடுத்தேற்றிய பி.டி.எப். கோப்பு இதனினும் கொடிது. அதில் ஒட்டுதற்கு எழுத்தே கிடையாது.

தாமே சோதித்துக் குறை கூறும் செயலிகளும் உள. அவற்றை முற்றும் நம்புதற்கில்லை. இருதயத்தின் படத்திற்கு விளக்கம் உண்டா என்று பார்க்குமேயன்றி, 'படம் 3' என்றெழுதியது விளக்கமாகுமா என அவை பெரும்பாலும் ஆராயமாட்டா. சிறிய எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருத்தல் வேண்டும், சுட்டியின்றி விசைப்பலகையாலேயே பக்கம் இயங்குதல் வேண்டும் என்பன 2008-இல் வெளியான உலகப் பொதுவிதிகளுட் சில. இவற்றை எவரும் எளிதிற் சோதிக்கலாம்.

செவிப்புலனற்றார்க்குக் காணொளியின் பேச்சு எழுத்தாக வருதல் வேண்டும். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருந்த விரிவுரைகளில் இக்குறை உண்டென்று முறையிடப்பட, அமெரிக்க நீதி இலாகா 2016-இல் அதனை உறுதிப்படுத்திற்று. பல்கலைக்கழகமோ 2017-இல் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப்பார்வையினின்றும் நீக்கிவிட்டது. முறையிட்டார்க்கும் பயனில்லை; ஏனையோர்க்கும் இழப்பு. பதிவு செய்யும் நாளிலேயே எழுத்தைச் சேர்த்திருந்தால் ஒவ்வொன்றிற்கும் சிறு வேலையே. குவிந்தபின் அதுவே மலையாயிற்று. தன் இணையப் பாடங்களைத் திருத்தியமைக்க அப்பல்கலைக்கழகம் 2022-இல் உடன்படிக்கை செய்துகொண்டது.